ஏழு தடவை தலையாட்டினேன்

பிப்ரவரி 5, திங்கள்

காலை ஷிப்ட். பஞ்சு சீவும் கார்டிங்கில் ஆறு மெஷினும் ஓடின. இரண்டு வாரம் நிறுத்தி வைத்திருந்த நான்காம் நம்பர் இன்று முதல் மறுபடி ஓட்டம். ஸ்லைவர் திரி ஒழுங்காக வருகிறது. ஈரப்பதம் போதவில்லை, பஞ்சு பறக்கிறது. இரண்டு பேர் லீவு.

முப்பத்தொரு வருடமாக மில்லில் கொடுக்கும் டைரியில் இவ்வளவுதான் எழுதி வந்திருக்கிறேன். மெஷின், ஆள், பஞ்சு. சொந்தக் கதை எழுத நான் என்ன மந்திரியா? ஆனால் இன்று வயிறு எரிகிறது. எழுதிவிடுகிறேன்.

என் மகள் தாரணி கோயம்புத்தூரில் பாங்கில் வேலை பார்க்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருச்சியில் நடக்கிற ஒரு மாநாட்டுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். செவித்திறன் குறைந்தோர் மாநில மாநாடாம். பதினேழும் பதினெட்டும். கே. திருமூர்த்தி, கார்டிங் மேஸ்திரி, உடுமலை என்று அச்சடித்த அழைப்பு தபாலில் வந்திருக்கிறது. தபால்காரரும் படித்திருப்பார். ஊருக்கே தமுக்கு அடித்தாயிற்று.

எனக்குக் காது கேட்கிறது. ஆட்கள்தான் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள்.

எங்கள் கார்டிங் ஷெட்டுக்குள் வந்து பார்த்தால் தாரணிக்குப் புரியும். ஆறு மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே யாருக்கும் கேட்காது. எல்லாம் கையில்தான். மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். ஒரு கை முட்டி மேல் இன்னொரு கை முட்டியை வைத்தால் மெஷினை நிறுத்து. கழுத்தில் விரலை இழுத்தால் ஸ்லைவர் அறுந்துவிட்டது. ஐம்பதடி தூரத்தில் நிற்பவளிடம் அவள் மாமியார் சங்கதி வரைக்கும் நான் கையாலேயே விசாரித்துவிடுவேன். அந்த ஷெட்டுக்குள் வந்து என்னைச் செவிடன் என்று ஒருத்தன் சொல்லட்டும், பார்க்கிறேன்.

நான்காம் நம்பரில் நடந்தது ஜனவரி 22ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. "விபத்து. பஞ்சவர்ணம், வலது கை. மெஷின் நிறுத்தப்பட்டது." அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

மில்லில் எல்லாம் சரி. சளி பிடித்திருக்கிறது, காது கொஞ்சம் அடைப்பு.

பிப்ரவரி 9, வெள்ளி

பர்சனல் ஆபீசர் சந்திரமௌலி அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். ஷெட்டிலிருந்து அந்த ஏசி அறைக்குள் போனாலே எனக்கு ஒவ்வாது. எல்லாம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கும். அவரோ பேனாவை உதட்டில் வைத்துக்கொண்டு, குனிந்து பேப்பர் பார்த்தபடியே பேசுகிற ஆசாமி. நான் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு தாளில் "27 செவ்வாய், தொழிலாளர் அலுவலகம், 11 மணி" என்று எழுதிக் கொடுத்தார். கதவு வரைக்கும் வந்து தோளில் தட்டினார். அப்போது முகத்தைப் பார்த்துச் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"அன்னைக்கு நம்ம என்கொயரியில சொன்னதையே அங்கயும் சொல்லுங்க மேஸ்திரி. அது போதும்."

என்கொயரி என்றால் விபத்து நடந்து ஒரு வாரம் கழித்து, 29ஆம் தேதி, இதே அறையில் நடந்தது. சந்திரமௌலி கேட்டார், நான் பதில் சொன்னேன், கிளார்க் எழுதினான், கையெழுத்துப் போட்டேன். பத்து நிமிடம். உள்ளதைத்தான் சொன்னேன்.

பஞ்சவர்ணம் வழக்குப் போட்டிருக்கிறாள். மெஷின் கதவு கெட்டுப்போய்க் கிடந்ததால்தான் கை போயிற்று என்கிறாள். அவளே கவனமில்லாமல் திறந்தாள் என்கிறது மில். இருபத்தேழாம் தேதி சாட்சி நான்தான். அவள் பேச்சு நிற்குமா, மில் பேச்சு நிற்குமா என்பது என் வாயில் இருக்கிறதாம்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தால், வெளியே பஞ்சவர்ணத்தின் புருஷன் ராக்கியப்பன் நின்றிருந்தான். தென்னை மரம் ஏறுகிறவன், அதிகம் பேசமாட்டான். ஷிப்ட் விடுகிற நேரம், சங்கு ஊதுகிறது, நூறு பேர் வெளியே வருகிறார்கள். பக்கத்தில் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே என்னமோ கேட்டான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பான். தலையாட்டினேன். அவன் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். 

பிப்ரவரி 11, ஞாயிறு

மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிட்டுப் பேப்பர் படித்தேன். தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டு மிளகாய் வற்றல் மேல் கொட்டி, அந்தம்மா வந்து கத்தினாள். மோட்டாரின் சத்தம் முன்னைப்போல் இல்லை. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

மத்தியானம் தாரணி போன் செய்தாள். போன் வந்தால் எப்போதும் என் சம்சாரம் மயிலாத்தாள்தான் எடுப்பாள். எடுத்து, கேட்டு, என் பக்கம் திரும்பி வாயை நன்றாகத் திறந்து திருப்பிச் சொல்வாள். கல்யாண வீட்டில் என் இடப்பக்கம் உட்காருவாள். யாராவது ஏதாவது கேட்டால் என் முழங்காலில் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. இதைப் போய் ஒரு குறை என்று சொன்னால் உலகத்தில் எல்லாப் புருஷனும் குறையுள்ளவன்தான்.

"போயிட்டு வாங்க. நான் அக்கா ஊட்டு விசேசத்துக்குப் போகோணும், கூட வர முடியாது. திருச்சி வரைக்கும் போனா சமயபுரத்தாளையும் பாத்துட்டு வந்தரலாம்ல" என்றாள் மயிலாத்தாள்.

"நான் அங்க போயி என்ன பண்றது? செவிடனுங்க கூட உக்காந்து பஜனை பாடறதா?"

அவள் சிரிக்கவில்லை. "இருவத்தேழாந் தேதி அந்த ரூமுக்குள்ள நான் உங்க பக்கத்துல உக்கார முடியாதுங்க" என்றாள். அதற்கும் மாநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி. திருச்சி

தாராபுரம், கரூர் வழியாக பஸ். கண்டக்டர் வாய் திறப்பதற்கு முன்பே "திருச்சி ஒண்ணு" என்று சொல்லிவிட வேண்டும். டீக்கடையில் "சக்கரை கம்மியா ஒரு டீ" என்று நாமே முந்திக்கொள்ள வேண்டும். கேள்வியே வராமல் பார்த்துக்கொண்டால் காது எதற்கு?

சத்திரத்தில் இரண்டு பேருக்கு ஓர் அறை. என்னோடு தங்குகிறவர் சகாயராஜ், தூத்துக்குடிப் பக்கம். கல் குவாரியில் வெடி வைத்துக்கொண்டிருந்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு காதிலும் மெஷின். அவர் குறட்டை விடுவார் என்று அவர் சம்சாரம் சொல்லியிருக்கிறாராம். "நீங்க பயப்படாண்டாம் அண்ணாச்சி, நானும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்க மாட்டிய" என்றார். எனக்குக் கேட்கும் என்றேன். அப்படியா என்று சிரித்தார்.

பிப்ரவரி 17, சனி

நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் மூன்று வண்ண அட்டைகள் வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டையில் "எனக்குக் காது கேட்காது, முகம் பார்த்துப் பேசவும்" என்று இருந்தது. நீலம், மெஷின் போட்டவர்களுக்கு. வெள்ளை, உடன் வந்தவர்களுக்கு. நான் வெள்ளையை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டேன். மேஜையில் இருந்த பெண் என்னையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உள்ளே ஒரு நூற்றைம்பது பேர். இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பேசுகிறவர் பேச ஆரம்பிக்கும் முன் ஹால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுகிறார்கள், எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள். கைதட்டல் கிடையாது, இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறார்கள். மேடை ஓரத்தில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றித் தட்டச்சு செய்ய, பேசுவது அத்தனையும் திரையில் தமிழில் ஓடுகிறது. பந்தியில் அடுத்தவர் வாயைப் பார்க்க வேண்டும், இலையையும் பார்க்க வேண்டும். சாம்பார் ஆறிப்போகிறது, யாரும் அவசரப்படுவதில்லை. என் ஷெட்டைத் தவிர வேறு எங்கேயும் எனக்கு இவ்வளவு இலகுவாக இருந்ததில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானம் மெஹருன்னிசா என்ற அம்மாள் மேடைக்கு வந்தார். தஞ்சாவூரில் தபால் ஆபீசில் வேலை, முப்பது வயதில் காது போனவர். மேஜைமேல் ஒரு தலையாட்டிப் பொம்மையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"இவரை எல்லாருக்கும் தெரியும். நம்ம சொந்தக்காரர்" என்று திரையில் வந்தது. சனம் சிரித்தது.

பிறகு திரையை அணைக்கச் சொன்னார். ஒரு ஃபைலை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஏதோ கேட்டார். கண் சிரித்தது, புருவம் உயர்ந்தது, பதிலுக்குக் காத்திருந்தார். முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். அவரைப் பார்த்து அடுத்தவர். அப்படியே ஹால் முழுக்கத் தலை ஆடியது. நானும் ஆட்டினேன். திரை வந்தது.

"நாளைக் காலையில் எல்லாரும் மொட்டை போட்டுக்கொள்ளச் சம்மதமா?"

கையைத் தூக்கி ஆட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சகாயராஜ் என் முதுகில் அறைந்தார். "எத்தன வருசமா தலையாட்டுதிய அண்ணாச்சி? வெள்ளச் சீட்டு வேற!"

இன்னொரு தடவை செய்வோம் என்றார் அந்தம்மாள். இப்போது எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். ஆனாலும் ஃபைலை மறைத்துக்கொண்டு, முகத்தை ரொம்ப மரியாதையாக, வருத்தமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்து மெதுவாகக் கேட்டபோது, பாதிப் பேருக்கு மேல் மறுபடி ஆடிவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து எப்படி ஆட்டாமல் இருப்பது? என்ன கேட்டீர்கள் என்று எப்படிக் கேட்பது? என் தலை தானாக ஆடியது. திரை வந்தது.

"உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என் பையிலிருந்து திருடியதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள் அல்லவா?"

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரை யாரும் பார்க்கவில்லை. சகாயராஜ் மட்டும் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். நான் அவரைத் திருடன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தம்மாள் அதற்குப் பிறகு பேசியது திரையில் ஓடியது. எனக்கு ஒன்றும் படிக்க முடியவில்லை. சந்திரமௌலியின் அறைதான் கண்ணில் நின்றது. ஏசி, பேனா, குனிந்த தலை. அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன் என்று ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் காது சோதனை செய்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். சின்னப் பிள்ளை மாதிரி வெளியே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து அமுக்க முயன்றேன். அவள் என்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு வரைபடம் கொடுத்தாள். இடது காது போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சம். ரொம்ப வருடமாக இப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினாள். எந்த மில் என்று கேட்டாள். அந்த வரைபடத்தைப் பார்த்தே மில்காரன் என்று சொல்கிறாள், படுபாவி.

சகாயராஜ் தன் பழைய மெஷினை எனக்குக் கொடுத்தார். சட்டைப்பையில் வைக்கிற பெட்டி, வயர் வலது காதுக்குப் போகும். மாட்டியதும் முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். பிறகு பின்வரிசையில் யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரிப்பது. எல்லாம் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அழுகை வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன், அதுவும் கேட்டது.

இப்போது எழுதிவிடுகிறேன். ஜனவரி 22, காலை பத்தே முக்கால். நான்காம் நம்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்தடி தள்ளி ஸ்லைவர் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். அவர்களில் காளியப்பன் வாயைத் திறந்துகொண்டு என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். இவனுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பினேன். மெஷினிலிருந்து வெள்ளையாக வர வேண்டிய பஞ்சு சிவப்பாக வந்துகொண்டிருந்தது. பஞ்சவர்ணத்தின் கை முள்ளுருளைக்குள் முழங்கை வரைக்கும் இருந்தது. அவள் வாய் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் நிறுத்தப்பட்டது" என்று எழுதினேனே, நிறுத்தியது காளியப்பன். அறுபதடி தூரத்தில் நின்றவன்.

ஊருக்குக் கிளம்பும்போது சகாயராஜ் ஒரு சிவப்பு அட்டையை இந்த டைரிக்குள் செருகினார். திருடன் என்று சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். "விடுங்க அண்ணாச்சி. நம்மாள்ட்ட சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவான். வேற யார்ட்டயாவது சொல்லிருந்தியன்னா அங்க போயிச் சொல்லுங்க" என்றார்.

சமயபுரம் போகவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

மில் ஆபீஸ் கிளார்க்கிடம் என் என்கொயரி வாக்குமூலத்தைக் காட்டச் சொன்னேன். இருபத்தேழுக்கு மனப்பாடம் செய்யவா மேஸ்திரி என்று ஜெராக்ஸ் போட்டே கொடுத்துவிட்டான்.

கையெழுத்து என்னுடையதுதான். ஏழு கேள்வி. ஏழுக்கும் "ஆம்".

அருகில் இருந்தீர்களா என்று ஒரு கேள்வி. அது நிஜம். ஓடும் மெஷினில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தீர்களா, அதுவும் நிஜம். மற்றதெல்லாம்? பாதுகாப்புக் கதவும் பூட்டும் நல்ல நிலையில் இருந்தனவா, ஆம். அந்தப் பூட்டு டிசம்பரிலேயே உடைந்துவிட்டது. புதுப் பூட்டு வருகிறவரைக்கும் கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்தது இந்தக் கைதான். பூட்டைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். கம்பியை அவிழ்த்தால் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓட்டம் குறையக் கூடாது என்று எல்லாரும் அதை அப்படியே அவிழ்த்துப் பஞ்சுக் கழிவை எடுத்தார்கள். அதற்கு ஒரு கை ஜாடைகூட வந்துவிட்டது, ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் கம்பியை அவிழ். நானே காட்டியிருக்கிறேன்.

தொழிலாளி யாரும் சொல்லாமல் தாமாகவே கதவைத் திறந்தாரா, ஆம். அவர் முன்பும் கவனக்குறைவாக இருந்து நீங்கள் கண்டித்ததுண்டா, ஆம். ஆறு வருடத்தில் அவளை நான் ஒரு தடவைகூடக் கண்டித்ததில்லை. கண்டிக்க இடம் வைத்ததில்லை.

கடைசி இரண்டு. அவர் கத்தியது உங்களுக்குக் கேட்டதா? ஆம். கேட்டவுடன் ஓடிப்போய் நீங்கள்தான் மெஷினை நிறுத்தினீர்களா? ஆம்.

பிப்ரவரி 21, புதன்

நான்காம் நம்பர் கதவைப் போய்ப் பார்த்தேன். பளபளவென்று புதுப் பூட்டு.

பிப்ரவரி 23, வெள்ளி

சகாயராஜின் மெஷினை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனால் மண்டை பிளக்கிறது. கழற்றிவிட்டேன். இந்தச் சத்தத்துக்குள் முப்பத்தொரு வருடம் இருந்திருக்கிறேன்.

வேலை முடிந்து சந்திரமௌலியிடம் போனேன். இந்தத் தடவை மாட்டிக்கொண்டு போனேன். என்கொயரியில் நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை சார், பூட்டு உடைந்திருந்தது என்று சொன்னேன். அவர் பெட்டியையும் வயரையும் பார்த்தார். நாற்காலியை இழுத்து நேர் எதிரே போட்டுக்கொண்டு, முகத்துக்கு முகம், நிறுத்தி நிறுத்திப் பேசினார். இத்தனை நாள் எனக்குச் செய்யாத மரியாதை.

"யோசிச்சுப் பாருங்க மேஸ்திரி. காது கேக்காத ஒருத்தர் ஆறு மெஷினுக்கு மேஸ்திரியா இருந்திருக்கார். அதையும் அவர் மறைச்சிருக்கார். கம்பி கட்டினதும் அவரே. அப்ப அந்தப் பொம்பளை கை போனதுக்கு யார் காரணம்? நான் சொல்ல மாட்டேன். அங்க இருக்கறவங்க சொல்லுவாங்க."

தெளிவாகக் கேட்டது, ஒரு சொல் விடாமல்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மயிலாத்தாளிடம் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"கேட்டுல ராக்கியப்பன் உங்ககிட்ட என்ன கேட்டான்னு தெரியுமுங்களா?"

தெரியாது என்றேன்.

"தப்பு அவ பேருலதான்னு மனசாரத்தான் சொன்னீங்களான்னு கேட்டானாமா. நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்களாமா. பஞ்சவர்ணத்தோட அம்மா சந்தையில என்னையப் புடிச்சு நிறுத்திச் சொன்னாங்க. பத்து நாளாச்சு. உங்ககிட்டச் சொல்ல எனக்குத் தெம்பில்லீங்க."

கோபம் வந்தது, அவள் மேல் அல்ல. அவளோ தன் மேல்தான் பழியைப் போட்டுக்கொண்டாள்.

"நானுந்தானுங்க உங்க முழங்காலத் தட்டித் தட்டி ஊர ஏமாத்துனேன். மொதல் நாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கோணும். மேஸ்திரி சம்சாரம்ங்கற பேரு போயிருமேன்னு இருந்துட்டேன்."

 சாயங்காலம் அவள் செவ்வாய்க்கிழமைக்கு என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் அதிகாரி, வயதான மனிதர். இந்தப் பக்கம் மில் வக்கீலும் சந்திரமௌலியும். அந்தப் பக்கம் பஞ்சவர்ணம், ராக்கியப்பன், அவர்கள் வக்கீலாக ஒரு சின்னப் பெண். பஞ்சவர்ணம் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். நான் அவளை அன்றைக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் போகவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

சட்டையில் சிவப்பு அட்டையைக் குத்திக்கொண்டு போயிருந்தேன். உட்காரும் முன்பே அதிகாரியிடம் சொன்னேன். "ஐயா, எனக்குக் காது கேக்காதுங்க. மெஷின் போட்டும் பாதிதான் கேக்குமுங்க. கேள்விய எழுதிக் குடுத்தீங்கன்னா பதில் சொல்றனுங்க."

அதிகாரி அட்டையைப் படித்தார். கிளார்க்கிடம் ஒரு வெள்ளைத் தாள் கட்டை என் பக்கம் தள்ளச் சொன்னார்.

ஏழு கேள்வியையும் மறுபடி எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் வாயால் பதில் சொன்னேன். பூட்டு உடைந்திருந்தது. கம்பி கட்டியது நான். அவிழ்க்கச் சொல்லிப் பழக்கியது நான். அவளை ஒரு நாளும் கண்டித்ததில்லை. கத்தியது கேட்கவில்லை. நிறுத்தியது நான் இல்லை. என்கொயரியில் கேள்வி என்னவென்றே தெரியாமல் ஏழு தடவை தலையாட்டினேன். என் குரல் பெரிதாகப் போயிருக்க வேண்டும், கிளார்க் இரண்டு முறை பின்னால் சாய்ந்தான்.

மில் வக்கீல் எழுந்து என்னைப் பார்க்காமல் அதிகாரியைப் பார்த்துப் பேசினார். என்ன சொல்கிறார் என்று எழுதிக் காட்டச் சொன்னேன். அதிகாரி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "கேட்காமலே பதில் சொல்லும் பழக்கம் உள்ளவர் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே அன்று சொன்னதையும் ஏற்கக் கூடாது, இன்று சொல்வதையும் ஏற்கக் கூடாது என்கிறார்." கீழே, "நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றிருந்தது.

 அந்த வக்கீல் சொல்வதில் என்ன தப்பு? ஐந்து நாள் தூங்காமல் சேர்த்து வைத்த தைரியம் அத்தனையும் அந்த ஒரு தாளில் போயிற்று. காளியப்பனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் ஐயா, அவனுக்குக் காது கேட்கும் என்று மட்டும் சொன்னேன். அவன் மில்லில் வேலை செய்கிறவன், இரண்டு பெண் குழந்தைகள். வருவானா என்று தெரியாது. அதிகாரி அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்.

வெளியே சந்திரமௌலி ஒரு கவரைக் கையில் கொடுத்தார். தயாராகவே வைத்திருந்திருக்கிறார். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம். இனி அந்த ஷெட்டுக்குள் எனக்கு இடமில்லை. கையால் பேச எனக்கு வேறு யாரும் இல்லை.

தாழ்வாரத்து பெஞ்சில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். ராக்கியப்பன் டீ வாங்கப் போயிருந்தான். அவளைத் தாண்டித்தான் படிக்கட்டுக்குப் போக வேண்டும். எதிரில் போய் நின்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது. பழைய பழக்கத்தில் தலை ஆட வந்தது. கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்கலீங்க அம்மிணி. என்ற மூஞ்சியப் பாத்து இன்னொருக்கா சொல்லுங்க."

அவள் அட்டையைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"மேஸ்திரிண்ணா, மேஸ்திரிண்ணான்னு மூணு தடவ கூப்புட்டனுங்க. மொதல்ல ரெண்டு விரல்தான் மாட்டியிருந்துச்சு. நீங்க திரும்புவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். அன்னைக்கு நான் கூப்புட்டது உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலியா? அத மட்டும் சொல்லுங்க."

"கேக்கலீங்க அம்மிணி" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கேட்டுவிட்டு ஆட்டிய தலை. அவளுக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கும்.